99 குதங்கள் யாருக்காக? சீனன்குடாவின் எண்ணெய் வரலாறு

2022 நடுப்பகுதியில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் நாள்க்கணக்கா லைனில நிண்ட எங்களில் கனபேருக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். எங்கட சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அப்ப நாங்கள் ஏன் வெறும் கானோட நிக்கிறம்?

சுருக்கமான பதில்: அந்தக் குதங்கள் எங்களுக்காகக் கட்டப்பட்டவை இல்லை. அவை ஒரு கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. அந்தக் கடற்படையை எண்ணெய்க்கு இழுத்ததோ வியாபாரிகள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கஸ்பியன் கடலில் ஓடிய நீராவிக் கப்பல்கள், சுத்திகரிப்பில் மிஞ்சிய கழிவெண்ணெயை எரித்து ஓடின. போர்க்கப்பல்கள் அப்போதும் நிலக்கரியில்தான். ஷெல் நிறுவனத்தைத் தொடங்கிய மார்கஸ் சாமுவேல், பிரித்தானியக் கடற்படையும் எண்ணெய்க்கு மாற வேண்டுமென்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1902இல் 'ஹனிபல்' என்ற போர்க்கப்பலில் ஒரு பரிசோதனை நடந்தது. எண்ணெய்க்கு மாற்றியதும் கரும்புகை கிளம்பி கப்பலையே மூடிவிட்டது! எண்ணெயைச் சரியாகத் தூவி எரிக்கிற பேர்னர் அப்போது கடற்படையிடம் இல்லை. சாமுவேலின் கனவு கொஞ்ச காலத்துக்குத் தள்ளிப்போனது.

ஆனாலும் எண்ணெயின் லாபம் பெரிது. நிலக்கரி ஏற்றுவதென்றால் முழுக் கப்பலும் கரி பூசிக்கொண்டு மூட்டை சுமக்க வேணும். எண்ணெய்க்கு ஒரு குழாய் போதும். அடுப்புக்குக் கரி அள்ளிப்போடும் ஆட்களும் குறைவு, வேகமும் கூட. அட்மிரல் பிஷர் இதற்காகவே வாதாடினார். 1912இல், சேர்ச்சில் கடற்படைக்குப் பொறுப்பாக இருந்தபோது, முழுக்க எண்ணெயில் ஓடும் 'குயின் எலிசபெத்' வகைப் போர்க்கப்பல்களுக்கு அனுமதி கிடைத்தது.

இங்கேதான் சிக்கல். நிலக்கரி வேல்ஸில் இருந்தது. எண்ணெய் பாரசீகத்தில் இருந்தது. எனவே 1914 ஜூனில் பிரித்தானிய அரசு ஆங்கிலோ பேர்சியன் எண்ணெய்க் கம்பனியின் 51 வீதப் பங்கை வாங்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கடற்படை ஒரு சரக்கை வாங்கவில்லை. சரக்கு விற்கிற கடையையே வாங்கிவிட்டது. சில வாரங்களில் முதலாம் உலகப்போர் தொடங்கியது.

எண்ணெயில் ஓடும் கப்பலுக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் வேணும். சிங்கப்பூருக்குப் போகும் பாதையில், ஆழமான இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. 1920களிலும் 30களிலும் சீனன்குடாக் காட்டுக்குள் குதங்கள் எழும்பின. முடிவு லண்டனில் எடுக்கப்பட்டது. இலங்கை அப்போது காலனி, இந்த ஊர்ச் சனத்தை ஆர் கேட்டது?

விளைவு மட்டும் இங்கேதான் விழுந்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஒரு குதம் எரிந்து அழிந்தது. வளைந்து நெளிந்த அதன் இரும்பு இப்பவும் அங்கே கிடக்கு.

1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துப் போனார்கள். குதங்கள் மிஞ்சின, கூடவே பேரமும் மிஞ்சியது. 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இந்தக் குதங்களும் இருந்தன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. உள்ளே வந்தது. 2022 ஜனவரியில் பங்கு பிரித்தார்கள்: 14 குதங்கள் ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49. அதே வருசம்தான் நாங்கள் லைனில நிண்டதும். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன.

1914இலும் 51, 2022இலும் 51. ஆனால் அன்று 51 வீதத்தை வாங்கியவனிடம் கப்பலும் காசும் இருந்தது, எண்ணெய் எதுக்கு வேணும் என்ற தெளிவும் இருந்தது. பெரும்பான்மைப் பங்கு என்பது வெறும் காகிதக் கணக்கு. குதத்தை நிரப்பக் காசில்லாதவனுக்கு 51 வீதம் என்ன செய்யும்? 2022இல் அதைத்தான் பார்த்தம்.

வெளிநாட்டு முதலீடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. புதிய தொழில்நுட்பமும் முதலும் இன்னும் வரும், வரட்டும். ஆனால் நூறு வருசமாக இந்தக் குதங்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் திருகோணமலைச் சனத்துக்கு ஒரு கதிரை போடப்படவில்லை. அடுத்த ஒப்பந்தத்தை கையெழுத்துக்கு முதல், எங்கட மொழியில, நாங்களும் வாசிக்க வேணும். கேட்பது அவ்வளவுதான்.