வளர்த்தவர்க்கும் வாயில் உண்டு

குருதியால் அமையும் உறவுக்குச் சட்டத்தில் என்றும் இடமுண்டு. வளர்ப்பால் அமையும் உறவுக்கோ அவ்விடம் எளிதிற் கிட்டியதில்லை. தாயின் மறுமணத்தால் ஒரு குழந்தைக்குத் தந்தையின் இடத்தில் வந்தவர், அதனைப் பல்லாண்டுகள் பேணி வளர்க்கிறார். பின்னர் அம்மணம் முறிகின்றது. இனி அக்குழந்தையைக் காண அவருக்கு வழியுண்டா? இங்கிலாந்தின் சட்டம் இவ்வினாவிற்குப் படிப்படியாக விடை கண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

தம்பதியரில் ஒருவருக்கு மட்டுமே பிறந்த குழந்தையை மற்றவர் தம் குடும்பத்துள் ஒருவராக 'ஏற்றுக்கொண்டிருப்பின்', அதன் நலனையும் மணவிலக்கு நீதிமன்றம் கவனிக்கலாம் என 1958ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஆனால் அச்சொல்லே இடர் தந்தது. உண்மையை அறிந்தவரே ஏற்க இயலும் என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. தமக்குப் பிறந்ததெனக் கருதிப் பிறர் குழந்தையை வளர்த்தவர், அதனை ஏற்றவர் ஆகமாட்டார் என்றாயிற்று. எனவே 1970இல் அச்சொல் நீக்கப்பட்டு, குடும்பத்துக் குழந்தையாக 'நடத்தப்பட்டது' என்னும் சொல் புகுந்தது. அதன்பின் சட்டம் மனத்துள் இருந்ததை வினவவில்லை. வீட்டினுள் நிகழ்ந்ததையே வினவிற்று. மாறியது ஒரு சொல். விளைந்ததோ பெரும் பயன்!

1973இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. சந்திப்பு என்பது பெற்றோரின் உரிமை என்பதைவிடக் குழந்தையின் உரிமையே என்று உயர்நீதிமன்றம் ஒரு வழக்கிற் கூறியது. அது பெற்றோரைப் பற்றிய வழக்கேயாயினும், உரிமை எவருடையது என்னும் நோக்கையே அது மாற்றிற்று.

1989இல் இயற்றப்பெற்று 1991இல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் சட்டம், குழந்தையைத் தம் குடும்பத்ததாக நடத்திய மாற்றாந்தந்தையோ மாற்றாந்தாயோ, மணம் முறிந்த பின்னரும், முன் அனுமதியின்றிச் சந்திப்பு ஆணை கோரலாம் என்றது. ஆயினும் கோரும் உரிமையே அது. பெறும் உரிமை அன்று. குழந்தையின் நலனையே தலையாயதாகக் கொண்டு, அதன் விருப்பத்தையும் வயதிற்கேற்ப எண்ணி, நீதிபதி முடிவு செய்வார். பெற்றோர்க்குரிய பொறுப்பினை உடன்படிக்கையாலோ நீதிமன்ற ஆணையாலோ இவர்கள் அடையும் வழி, 2005 டிசம்பரில் திறந்தது.

கதவைத் தட்ட மட்டும் உரிமை தருவது போதுமா என்று சிலர் கேட்கக்கூடும். அதுவே முறை என்பது நம் கருத்து. குழந்தை, பிரிவோர் பங்கிட்டுக்கொள்ளும் தட்டுமுட்டுச் சாமான் அன்று. அதே வேளை, இருவர் தம்முட் செய்துகொண்ட பிணைப்பை அவர்கள் அறுத்துக்கொள்ளலாம். அவ்வீட்டில் வளர்ந்த மூன்றாவது உயிரின் பிணைப்பை, அதன் நலனை எண்ணாது அறுத்தல் நீதியாகாது.