காவிரிப் பரிசல்

காவிரியும் கொள்ளிடமும் அணைத்து நிற்கும் தீவாகிய ஸ்ரீரங்கத்திற்கு, பாலங்கள் நிர்மாணிக்கப்படுவதற்கு முன், புதுவெள்ளம் கரைபுரளும் காலங்களில் திருச்சிராப்பள்ளியிலிருந்து செல்ல விரும்பிய யாத்திரிகர்கள் ஓடத்தையும் பரிசலையுமே நம்பியிருந்தனர்.

மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னித் தோல் போர்த்திய பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகையால் நேரே எதிர்க்கரைக்குச் செல்ல இயலாதென்பதை உணர்ந்த பரிசல்காரர், பிரவாகம் தம்மை எவ்வளவு தூரம் கீழே தள்ளும் என்று மனத்தினால் கணித்து, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து, அவ்வளவு தூரம் கரையோடு மேற்கே நடந்த பின்னரே நீரில் இறக்குவார். பாரமான மூட்டைகள் நடுவில். மனிதர்கள் விளிம்பைச் சுற்றிச் சமமாக அமர வேண்டும். நடுவழியில் எவரேனும் எழுந்து நிற்பது யாவருக்கும் அபாயம். இந்தச் சாமர்த்தியத்தை நான் ஒரு சாஸ்திரமாகவே மதிக்கிறேன்.

தோலின் இடத்தைத் தார் பூசிய சாக்கும், பின்னர் பிளாஸ்டிக் தாளும், கண்ணாடியிழையும் பற்றிக்கொண்டன, வடிவமோ மாறவில்லை. 1836-இல் முக்கொம்பில் எழுந்த மேலணையும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் வெள்ளத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தின. பாலங்கள் பிரயாணிகளைத் தம் பக்கம் ஈர்த்துக்கொண்டன. இன்று காவிரியில் பரிசற்பயணத்தை விரும்புவோர் பெரும்பாலும் ஒகேனக்கலுக்கே செல்கின்றனர்.