சுழலும் தண்டை நிறுத்தக் கற்ற கதை

களத்தில் டிராக்டரைக் கொண்டு கதிரடிப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். டிராக்டர் நகராமல் நிற்கும். அதன் பின்புறமுள்ள குட்டையான தண்டு சுழன்று, கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும். பட்டறைகளில் இதனைப் பி.டி.ஓ. என்பார்கள். எஞ்சினின் திறனை வெளியே எடுத்துத் தரும் தண்டு இது. இதைச் சுழலச் செய்த கதையைவிட, வேண்டும்போது நிறுத்தக் கற்ற கதையே நீண்டது.

முன்பு அறுவடை இயந்திரத்தின் கத்தி, தரையில் உருளும் அதன் சக்கரத்தாலேயே இயங்கியது. ஈர மண்ணில் உராய்வு குறையும், சக்கரம் உருளாமல் சறுக்கும், கத்தியும் நின்றுவிடும். இக்குறையைப் போக்க, 1906 வாக்கில் பிரான்சு நாட்டு ஆல்பெர் கூஜி, எஞ்சினிலிருந்தே ஒரு தண்டின் வழியாக அறுவடை இயந்திரத்தை ஓட்டினார். 1918-இல் அமெரிக்காவின் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் தன் 8-16 டிராக்டரில் இத்தண்டை அளித்தது. 1927-இல் அமெரிக்க வேளாண்மைப் பொறியாளர் சங்கம் இதற்குப் பொது அளவுகளை வகுத்தது. நாளடைவில் நிமிடத்திற்கு 540 சுற்று என்ற வேகம் நிலைபெற்றது.

எனினும் ஒரு சிக்கல் இருந்தது. சக்கரங்களுக்கும் தண்டுக்கும் ஒரே கிளட்ச். அதை மிதித்தால் டிராக்டரோடு தண்டுக்குச் செல்லும் திறனும் நின்றது. அடர்ந்த பயிரில் சற்றே நின்று, கத்தியை மட்டும் ஓடவிட வழியில்லை. கனமான சுழல்கத்தியைப் பூட்டியிருந்தாலோ நேர்மாறான தொல்லை. கிளட்சை மிதித்த பின்னும் கத்தி தன் நிலைமத்தால் சுழன்று, கியர்களின் வழியே டிராக்டரையே முன்னே தள்ளியது!

1946-இல் வந்த கனடாவின் காக்ஷட் 30 டிராக்டரில் தண்டுக்குத் தனிக் கிளட்ச் இருந்தது. 1950-களில் இரட்டைக் கிளட்ச் பரவியது. மிதியைப் பாதி அழுத்தினால் டிராக்டர் நிற்கும். முழுதும் அழுத்தினால் தண்டும் நிற்கும்.

பழைய டிராக்டரைப் பழுது பார்ப்பவருக்கு இவ்வரலாறு பயன்படும். மிதியை முழுதும் அழுத்தியும் தண்டு நிற்கவில்லையா? இரட்டைக் கிளட்சில் இரண்டாம் கட்டத்தின் இடைவெளி மாறியிருக்கலாம். லீவர் தானே நழுவுகிறதா? பல்லிணைப்பை நகர்த்தும் கவையோ, அதை நிறுத்தி வைக்கும் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கலாம். லீவரைக் கம்பியால் கட்டி வைப்பது பழுது நீக்கம் ஆகாது. அவசரத்தில் தண்டை நிறுத்தும் ஒரு வழியை அடைப்பதாகும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. தண்டின் விட்டம் சுமார் 35 மில்லிமீட்டர்; சுற்றளவு 11 சென்டிமீட்டர். ஆகவே அதில் சிக்கும் துண்டோ வேட்டி முனையோ நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் சுருட்டப்படும். துணி சுற்றச் சுற்றத் தண்டு பருக்கும், வேகமும் கூடும். ‘ஐயோ’ என்று கூவி முடிப்பதற்குள் கை தண்டை அடைந்துவிடும்.

எனவே எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பின்னரே தண்டின் அருகே செல்ல வேண்டும். வேலை முடிந்ததும் தண்டின் மூடியை மாட்டி, கருவி எதையும் பூட்டாமல், இருக்கையிலிருந்தே சோதிக்க வேண்டும். தண்டு சுழல்கிறதா என்பது இரண்டாவது சோதனை. சொன்னவுடன் நிற்கிறதா என்பதே முதற் சோதனை.