ஐந்து சேலைகளும் ஒரு பிரெஞ்சுத் தையற்காரரும்

சென்ற மாதம் எங்கள் எதிர்வீட்டு அம்மாள் ஒரு வேலையை ஒப்புக்கொண்டு மிகவும் அவதிப்பட்டார். அரசாங்கம் கொடுத்த இலவசத் தையல் மிஷினில் இருபது வருஷமாக ரவிக்கை, பாவாடை தைத்துப் பிழைப்பவர். ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து, காலமான தன் தாயாரின் ஐந்து பருத்திச் சேலைகளைக் கொடுத்து, "எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் போர்வையாத் தைச்சுக் குடுங்கக்கா, கூலி என்னவோ தந்துடறேன்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் நூலோட்டிப் போர்வையாக்குவது நம் பாட்டிமார்கள் எல்லோரும் செய்ததுதான். அதற்கு யாரும் காசு கொடுத்ததில்லை. கோணலாக இருந்தாலும் யாரும் கேட்டதில்லை. இங்கே மிஷின், காசு இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. "ரவிக்கை கெட்டுப்போனா வேற துணி வாங்கிக் குடுத்துடலாம் சார். இதுக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

அவருக்கு நான் ஒரு பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொன்னேன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். தையல் மிஷின் என்றதும் பலருக்குச் சிங்கர் பெயர் வரும், எனக்குத் திமோனியே பெயர்தான் முதலில் வரும்.

பார்த்தெலெமி திமோனியே 1793ல் லியோன் நகருக்கு அருகே லார்ப்ரெல் என்ற ஊரில் பிறந்த ஏழைத் தையற்காரர். அந்த வட்டாரத்தில் தரார் என்ற ஊர் மஸ்லின் துணிக்கும் பூவேலைக்கும் பேர்போனது. (மஸ்லின் நம் நாட்டுச் சரக்கைப் பார்த்து ஐரோப்பியர் நெய்யக் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) சுற்றுக் கிராமத்துப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டுக் கூலி வாங்குவார்கள். அந்தக் கொக்கியின் அசைவை ஒரு பொறியில் ஏற்ற முடியுமா என்று பார்த்தார் திமோனியே. பெரும்பாலும் மரத்தால் ஆன அந்த மிஷினுக்கு 1830ல் காப்புரிமை கிடைத்தது. பாரிஸில் 80 மிஷின்களை வைத்து ராணுவச் சீருடை தைக்கும் கூடம் ஒன்றும் ஏற்பட்டது. 1831ல், தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அத்தனையையும் உடைத்துப்போட்டார்கள்.

அந்த மனிதர் பிறகு ஒரு மிஷினை முதுகில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் அதை வேடிக்கை காட்டிச் சில்லறை வாங்கிக்கொண்டே ஊருக்கு நடந்தார் என்பார்கள். 1851ல் லண்டன் கண்காட்சிக்கு அனுப்பிய மிஷினும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. 1857ல் ஆம்ப்ளெப்வி என்ற ஊரில் வறுமையில் இறந்தார். இன்று அதே ஊரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது!

அவர் மிஷினில் ஒரு குறையும் இருந்தது. ஒற்றை நூல் சங்கிலித் தையல் அது, நுனி அறுந்து இழுபட்டால் வரிசையாகப் பிரிந்துவிடும். மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் தையலுக்கு 1846ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே காப்புரிமை பெற்றார். சிங்கர் 1851ல் வந்தார். சில வருஷங்களிலேயே அவருடைய கம்பெனி தவணை முறையில் மிஷின் விற்கத் தொடங்கியது. மிஷின் வீட்டுக்குள் நுழைந்தது அந்தத் தவணையால்தான். மிஷின்களை ஐயத்தோடு பார்த்த காந்திஜிகூட 1924ல் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி படும் சிரமம் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். சிங்கரின் குடும்ப வாழ்க்கையைப் படித்தவர்கள் அவ்வளவு நம்ப மாட்டார்கள்.

1974ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது எழுத்தராக இங்கே வந்தவன் நான். 1982ல் சத்துணவுத் திட்டம் வந்தது. பின்னாலேயே மாணவர்களுக்கு இலவசச் சீருடையும் வந்தது. அதைத் தைத்தவர்கள் சமூக நலத்துறையின் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள். எதிர்வீட்டு அம்மாளும் சில வருஷம் அப்படித் தைத்தவர்தான். அங்கே எண்ணிக்கைக்குக் கூலி, போடப்போகும் பிள்ளையின் முகத்தைத் தைப்பவர் பார்ப்பதில்லை. அப்போதெல்லாம் அவருக்குக் கை நடுங்கியதில்லையாம். அறிவொளி நாட்களில் சைக்கிள் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான நம் பெண்களில் அவரும் ஒருவர். "சைக்கிள்ல விழுந்தா என் முழங்கால்தான் சார் போகும், அடுத்தவங்க பொருள் போகாதே" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போர்வை மிஷினுக்கு எளிதான வேலையும் அல்ல. அடித்துணியைப் பல் இழுக்கிறது, மேல்துணியை மேலிருந்து அமுக்கும் பாதம் பிடித்து வைக்கிறது. ஐந்து மடிப்பு என்றால் ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் நகர்ந்து, கடைசியில் ஓரத்தில் சுருக்கம் விழும். பிரித்துத் தைக்கலாம் என்றால், நைந்த பருத்தியில் ஊசி போன ஓட்டை அப்படியே நிற்கும். ஆகவே அவர் முதலில் தம் சொந்தப் பழஞ்சேலைகளில் தைத்துப் பார்த்தார். இரண்டு முறை கெட்டது. மூன்றாவதில், குறுக்கும் நெடுக்குமாகக் கையால் நூலோட்டிக் கட்டிவிட்டு, ஓரத்திலிருந்து ஆரம்பிக்காமல் நடுவிலிருந்து வெளியே தைத்துப் போனார். தையலையும் சற்று நீளமாக வைத்தார். சரியாக வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் அந்த ஐந்து சேலைகளைத் தொடவில்லை.

அந்தப் பெண் வாங்க வந்த அன்று நானும் திண்ணையில் இருந்தேன். தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோரையும் போல அவளும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தாள். ஒரு வரிசை விரல்கடை அளவு விலகியிருந்த இடத்தை, அவள் கண்ணில் படுவதற்கு முன்பே இவரே காட்டிக் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு சுங்குடிச் சேலையின் முந்தானையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கூலி கேட்டபோது இவர் வாயில் 300 என்று வந்தது. முந்தின நாள் நாங்கள் நாலு நாள் வேலை, நூல், ஊசி என்று போட்ட கணக்கு 1,200. அந்தப் பெண் 1,000 ரூபாயை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டு வரை போய் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று என்னைக் கேட்டார். நான்தான் சைக்கிளை எடுக்க விடவில்லை.