நீர்ப்பங்கும் கரைப்பங்கும்

தில்லைக்குத் தென்மேற்கே கிடக்கும் வீராணமேரி, வீரநாராயணன் என்னும் பட்டமுடைய முதற் பராந்தக சோழன் (907-955) காலத்தது. வடவாற்றின் வழியே கொள்ளிட நீரை ஏற்றுக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்துக் கழனிகளை ஊட்டிவரும் இவ்வேரியின் நீர் யாருடையது, அதனை ஒருவர் பிறர்க்கு விற்றல் கூடுமோ என்னும் வினா இன்று தோன்றியதன்று.

சோழர் ஆவணங்களில் நிலம் கைமாறுங்கால் அதன் மரமும் கிணறும் உடன் மாறின. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை ஈந்தமை கூறும் செப்பேடு நீருரிமையையும் நன்கு விளக்கும். (சிவபாதசேகரன் எனப் பெயர்கொண்ட வேந்தன் பௌத்தப் பள்ளிக்கு ஈந்த ஈகை இஃது என்பதும் நினைக்கத்தக்கது.) அந்நிலத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சும் உரிமை தரப்பட்டது; அதன்கண் அயலார் சிற்றேத்தம் இடுதலும், கூடையால் இறைத்தலும், கிளைக்கால் பிரித்தலும், குறுக்கே அடைத்தலும் விலக்கப்பட்டன. இத்துணை விரித்து விலக்க நேர்ந்தமையின், இவை ஆங்காங்கு நிகழ்ந்தன என்பதும் உய்த்துணரப்படும். நீர் நிலத்தோடு ஒட்டியது. அதனைத் தனியே பிரித்து விற்றல் இவ்வாவணத்தின் கருத்தன்று.

மாற்றத்தகுந்தது பிறிதொன்று இருந்தது, அது கரைப்பங்கு. வையை பெருகியபோது கரையை அளந்து குடிகளுக்குப் பகுத்தளிக்க, ஆளற்ற வந்தி பிட்டைக் கூலியாகத் தந்து தன் பங்கை அடைப்பிக்க முற்பட்டதும், கூலியாளாய் வந்தவன் சொக்கேசனே என்பதும் திருவிளையாடற் புராணத்தால் யாவரும் அறிவர். கடமையைப் பிறர்கையாற் செய்விக்கலாம். கடமை மட்டும் ஒழியாது. அருள்வரலாற்றினுள்ளே இவ்வூர்வழக்கும் பொதிந்து கிடக்கின்றது. இக்குடிமராமத்தையே 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் கட்டாயமாக்கிற்று.

அதற்குமுன் 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்திற் கீழணை கட்டினார். 1865ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசினர் நீருக்குத் தனித்தீர்வை விதிக்க வழிசெய்தது. உழவர் பெறுவோரும் அரசினர் தருவோரும் ஆயினர். கிணற்றுநீர் நிலை வேறு. நிலத்தடி நீரை எடுத்தல் நிலமுடையார்க்கு உரித்தென 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் கொண்டமையின், கிணறுடையார் அண்டை வயலுக்கு இறைத்து விளைவில் ஒரு பங்கு கொள்ளும் வழக்கு தமிழகத்திற் பல ஊர்களில் உண்டு.

2004ஆம் ஆண்டுமுதல் வீராணநீர் சேத்தியாத்தோப்பு வழியே 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்வழி சென்னைக்குச் செல்கின்றது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. இங்கே விற்போராக உழவர் அமர்ந்திலர், பகுப்போர் அரசினரே. மழை பொய்த்த ஆண்டுகளிற் கழனியும் நகரமும் ஒரே ஏரியை நோக்கி நிற்கின்றன.