ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர் விற்ற கதை

தட்டச்சுப் பயிலகங்கள் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய நண்பர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "டைப்ரைட்டர் போச்சேன்னு இப்போ உருகறீரே, அதை மூட்டை கட்ட வெச்சதுல உமக்கும் பங்கு உண்டே ஓய்!" என்றார். மறுக்க முடியவில்லை. 1987 முதல் எட்டு வருஷம் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தேன். அலுவலகங்களுக்கு மலிவு விலையில் 'நெட்வொர்க்' போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் இணைக்க ஒரு கேபிள் என்ற யோசனை அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. அங்கே 1973-ல் பாப் மெட்காஃப் என்பவர் ஈதர்நெட்டுக்கு வித்திட்டார். 1981-ல் ஜெராக்ஸ் 'ஸ்டார்' என்ற அலுவலகக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. திரையில் படங்கள், கையில் மவுஸ், நெட்வொர்க்கில் பிரிண்டர், எல்லாம் இருந்தன. விலைதான் இடித்தது. ஒன்றுக்கே 16,000 டாலருக்கு மேல்! அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை 1,565 டாலரிலிருந்து விற்க ஆரம்பித்தது. வாங்குகிறவர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பி.சி. தனிமரம். பக்கத்து மேஜைக்கு ஒரு கடிதம் போக வேண்டுமென்றால் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியதில் முக்கியமானது, யூட்டா மாநிலத்து நோவெல் கம்பெனியின் 'நெட்வேர்' மென்பொருள். சாதாரண பி.சி.க்களையே கேபிளில் கோத்து, நடுவில் ஒன்றை சர்வராக வைத்து வேலை வாங்கியது அது.

நம் நாட்டு நிலை வேறு. ஐ.பி.எம். 1978-லேயே இந்தியாவை விட்டுப் போயிருந்தது. 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கைக்குப் பிறகுதான் உதிரி பாகங்கள் ஓரளவு தாராளமாக உள்ளே வந்தன. வங்கிகளில் எத்தனை இயந்திரம் வைக்கலாம் என்பதற்கே 1983-லும் 1987-லும் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. "கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும்" என்ற பயம் ஊரெங்கும் இருந்த காலம். அந்தக் காலத்தில்தான் நான் கழுத்தில் டையும் கையில் பெட்டியுமாகப் படியேறினேன்.

எங்கள் சரக்கு இதுதான். நல்ல திறனுள்ள ஒரு சர்வர். அதில் மட்டும் 80 எம்.பி. ஹார்ட் டிஸ்க். மற்ற மேஜைகளில் 'நோடு' என்ற பெட்டிகள். அவற்றில் ஹார்ட் டிஸ்க்கும் கிடையாது, ஃப்ளாப்பியும் கிடையாது. உள்ளே ஒரு நெட்வொர்க் கார்டு, அதில் ஒரு சின்ன சிப். சுவிட்சைப் போட்டதும் அந்தச் சிப் கேபிள் வழியாக சர்வரைக் கூப்பிட்டு, டாஸை வாங்கி ஏற்றிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் அப்போது யானை விலை. ஐந்து பேருக்கு ஐந்து டிஸ்க் வாங்காமல் ஒன்றோடு முடித்தால் விலை நன்றாக இறங்கும். பிரிண்டரும் பொது. போதாததற்கு, 1986-ல் லாகூரிலிருந்து கிளம்பிய 'பிரெய்ன்' வைரஸ் பற்றிய பேச்சு இங்கேயும் வந்திருந்தது. "ஃப்ளாப்பியே நுழையாத பெட்டி சார், வைரஸ் எப்படி வரும்?" என்று கேட்பேன். நல்ல வியாபாரப் பேச்சு.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சி. கப்பலில் வந்த சரக்கைச் சுங்க இலாகாவிலிருந்து விடுவித்துக் கொடுப்பவர்கள். ஒரு சரக்குக்கு ஒரு 'பில் ஆஃப் என்ட்ரி'. இறக்குமதியாளர் பெயர், விலாசம், கப்பல் பெயர், தீர்வை விகிதம் எல்லாம் கார்பன் வைத்து டைப் அடிக்க வேண்டும். ஐந்து டைப்பிஸ்டுகள். அந்நாளில் பட்ஜெட் பிப்ரவரி கடைசி நாள் மாலை 5 மணிக்கு வரும். மறுநாள் காலை ஐந்து பேரும் தங்கள் தீர்வைப் புத்தகத்தில் புது விகிதங்களை எழுதி ஒட்டுவார்கள். ஒருவர் ஒன்றை விட்டுவிட்டால் அந்த பில் திரும்பி வரும். "சர்வர்ல ஒரு இடத்துல மாத்தினா போதும் சார், அஞ்சு பேருக்கும் ஒரே விகிதம்தான் வரும்" என்றேன். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிஸ்க்கே இல்லைன்னா அது என்ன தம்பி கம்ப்யூட்டர்?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு வீடு கிணறு வெட்டுறதுக்குப் பதிலா ஒரே தொட்டி, அஞ்சு குழாய் சார்" என்றேன்.

செயல்விளக்கத்தின்போது ஒரு நோடிலிருந்து செய்தி அனுப்பினேன். அவர் முன்னால் இருந்த திரையின் கடைசி வரியில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்துகளில் வந்து நின்றது. அங்கேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

மீதிப் பாதியை முடித்தது என் விலைப்பட்டியலோடு வைத்த ஒரு தாள். போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற கணக்கு. அதில் ஒரு வரி: 'மூன்று தட்டச்சர் சம்பளம் மிச்சம்'. எங்கள் மேலாளர் எல்லாருக்கும் கொடுத்திருந்த மாதிரித் தாளில் இருந்த வரிதான். எண்ணிக்கையை மட்டும் நான் போட்டேன்.

அந்த ஆபீஸின் கணக்குப்பிள்ளைக்கு அறுபதை நெருங்கும் வயது. தாளைப் படித்துவிட்டு என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். "தம்பி, மூணு பேருன்னு போட்டிருக்கியே, யார் யாருன்னு எழுதலையே?" என்றார். சும்மா ஒரு கணக்குதான் சார் என்று மழுப்பினேன். "சும்மா போடுற கணக்கை நான் இதுவரை எழுதினது இல்லை" என்று சொல்லிவிட்டு, டீக்கும் அவரே காசு கொடுத்தார். ஆர்டர் கிடைத்தது. எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நிறுவி நாலு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை பத்து மணிக்கு முதலாளியிடமிருந்து போன். "தொட்டி இருக்கு தம்பி, அஞ்சு குழாய்லயும் தண்ணி வரலையே!" எங்கள் இன்ஜினியர் ஆவடியில் இருந்தார். நானே ஓடினேன். ஐந்து திரைகளும் உறைந்து நின்றன. துறைமுகத்தில் ஒரு கட்சிக்காரரின் சரக்குக்கு அன்றுதான் இலவச நாள் முடிகிறது. பில் போகாவிட்டால் டெமரேஜ் கட்ட வேண்டும்.

அப்போது மூத்த டைப்பிஸ்ட் ஒருவர், என் தாளின்படி போக வேண்டிய மூவரில் நிச்சயம் ஒருவர், பீரோவுக்குப் பின்னாலிருந்து தன் ரெமிங்டனைத் தூக்கிவந்தார். கார்பன் செருகி, நிமிராமல் அடித்து, பில்லைப் பன்னிரண்டு மணிக்குள் சுங்க இலாகாவுக்கு அனுப்பிவிட்டார்.

கோளாறு என்ன தெரியுமா? அந்தக் கேபிள் ஒரே நீள வரிசை. 185 மீட்டர் வரை இழுக்கலாம். இரண்டு முனையிலும் 50 ஓம் தடை கொண்ட ஒரு சின்ன மூடி இருக்க வேண்டும். பெருக்க வந்தவர் பீரோவை நகர்த்தியபோது ஒரு முனையின் மூடி கழன்று உருண்டுவிட்டது. அதனால் மொத்த வரிசையும் படுத்துவிட்டது. தரையில் தவழ்ந்து அதைக் கண்டுபிடித்துத் திருகினேன். உயிர் வந்தது. ஒரு முனை கழன்றால் ஐந்தும் நிற்கும் என்பதை விற்கும்போது நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை.

முதலாளி என்னைத் திட்டவில்லை. அந்த மூத்தவரை மட்டும் காட்டி, "இவர் ரிடையர் ஆகிற வரைக்கும் அந்த மெஷினும் இங்கேயே இருக்கும்" என்றார். அப்படியே இருந்தது. யாரையும் அவர் வெளியே அனுப்பவில்லை. ஆனால் ஒரு பெண் கல்யாணமாகிப் போனபோதும், இன்னொருவர் வேறு வேலைக்குப் போனபோதும், அந்த இடங்களுக்குப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. என் கணக்கு அந்த வழியில் மெதுவாகப் பலித்தது. பயிலகத்தில் ஹையர் பாஸ் பண்ணி, பாரிமுனையில் வேலை தேடி நடந்த எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாற்காலிகள் அவை.

அடுத்த விலைப்பட்டியலில் அந்த வரியை எடுத்துவிட்டேன். மேலாளர் திரும்பச் சேர்க்கச் சொன்னார். எனக்கும் மாத இலக்கு இருந்தது, வீட்டு வாடகை இருந்தது. சேர்த்தேன்.

பிறகு ஹார்ட் டிஸ்க் விலை விழுந்தது. விண்டோஸ் வந்ததும் ஒவ்வொரு மேஜைக்கும் டிஸ்க் அவசியமாயிற்று. ஒரு மூடி கழன்றால் எல்லாம் நிற்கும் கேபிளுக்குப் பதில், ஆளுக்கொரு ஒயரும் நடுவில் ஹப்பும் வந்தன. நாங்கள் விற்ற நோடுகள் பழைய இரும்புக்குப் போயின. இன்று என் பேரன் எல்லாம் 'கிளவுடில்' இருக்கிறது என்கிறான். நெட் போனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதே தொட்டி, அதே குழாய்தான். தொட்டி எந்த ஊரில் இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

போனில் பிடித்துக்கொண்ட நண்பருக்கு இதுதான் பதில். ஆமாம் ஓய், பங்கு உண்டு. அந்த ரெமிங்டன்காரர் பில்லை அடித்து முடித்ததும் எனக்கும் ஒரு டம்ளர் மோர் கொண்டுவரச் சொன்னார். தவழ்ந்த முழங்கால் தூசியைக்கூடத் தட்டாமல் வாங்கிக் குடித்தேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.