உவர்மண்: வெளுத்தவர்களின் வரலாறு



சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று ஆடித்தபசு, மற்றொன்று கோயிலில் தரும் புற்றுமண். அந்த மண்ணை நெற்றியில் இடுகிறார்கள், உடம்பில் பூசுகிறார்கள், மடித்து ஊருக்கும் எடுத்துப் போகிறார்கள். இன்று நான் பேச வந்தது இதே வட்டாரத்தின் இன்னொரு மண்ணைப் பற்றி. அதை யாரும் நெற்றியில் இட்டதில்லை. ஆனால் ஊரின் அழுக்கை எல்லாம் நீக்கியது அதுதான். அதன் பெயர் உவர்மண்.

வீட்டிலேயே சோப்புத் தூள் செய்தால் பணம் மிச்சம் என்று இப்போது மகளிர் குழுக்களில் கற்றுத் தருகிறார்கள். சலவைச் சோடா, ஆசிட் ஸ்லரி, உப்பு ஆகியவற்றைக் கலந்து உலர்த்திப் பொட்டலம் கட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இது புதிய வித்தை அல்ல. கடையில் சோப்பு வருவதற்கு முன்னால் கைச்சரக்கால் துணி வெளுத்த ஒரு சமூகம் நம்மிடையே இருந்தது. அந்த அறிவை நாம் அறிவு என்று சொன்னதில்லை. 'வண்ணான் வேலை' என்றோம்.

அந்த வேலையைச் சற்றுக் கவனியுங்கள். கோடையில் உவர்நிலத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும் மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது கடையில் விற்கும் அதே சலவைச் சோடா. மண்ணைக் கரைத்துத் தெளியவிட்டு, அந்தத் தண்ணீரில் துணியை முக்க வேண்டும். பிறகு வெள்ளாவிப் பானையில் அடுக்கி இரவெல்லாம் ஆவி ஏற்ற வேண்டும். துணியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை, காரமும் வெப்பமும் சேர்ந்து நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும். துணியிலேயே சோப்பு உண்டாகிறது என்று சொல்லலாம். சவர்க்காரம் என்ற சொல்லிலேயே இந்த மண் இருக்கிறது: சவர் என்றால் உவர்.

இந்த உழைப்புக்கு ரொக்கக் கூலி கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்தில் அளக்கும் தானியம், அன்றாடம் வீடு வீடாக வாங்கும் சோறு, அவ்வளவுதான். மண் சுரண்டிய நேரத்துக்கும், விறகு பொறுக்கிய நேரத்துக்கும், பெண்கள் ஆற்றுக்கும் குளத்துக்கும் மூட்டை சுமந்த நேரத்துக்கும் கணக்கே இல்லை. ஊர் மிச்சம் பிடித்த பணம் அதுதான்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஊர் வண்ணார் நம் துணியைத் தொடமாட்டார். நமக்கு வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். 1932 டிசம்பர் 24 அன்று 'தி இந்து' நாளிதழில் வந்த செய்தி ஒன்று திருநெல்வேலி மாவட்டத்தில் வாழ்ந்த இவர்களைப் பற்றியது. பகலில் இவர்கள் கண்ணில் படுவதே தீட்டு என்பதால், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் துணி வெளுத்தார்கள் என்கிறது அது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டனும் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைப்பேற்றுத் துணி, மாதவிலக்குத் துணி, சாவுத் துணி எல்லாம் அவர்கள் கைக்குத்தான் போயின. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட நாமும், நமக்குக் கீழே ஒருவரை வைத்திருந்தோம். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைக்கு வேறு ஊரில் சான்று தேட வேண்டியதில்லை. 1994இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இந்த உண்மையை நம் முன் வைத்தபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. கோபம் வர வேண்டியது நாவலின் மேல் அல்ல.

அதே காலத்தில் வெள்ளைத் துணியே நமக்கு மறுக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1930, 1931ஆம் ஆண்டுகளில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மேல் விதித்த தடைகளில் சட்டை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது என்பனவும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் வெளுத்த துணி உடுத்துவது அழகுக்காக மட்டும் அல்ல. அது உரிமைப் போர். அந்தப் போருக்குத் துணி வெளுத்துத் தந்தவர் பெயரை எந்த மேடையிலும் நாம் சொன்னதில்லை.

பிறகு சோப்பு மலிந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் தூள் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். அதுவே நிர்மா ஆனது. அவரைத் தொழில்முனைவோர் என்று பாடம் நடத்துகிறோம், சரிதான். ஆனால் வீட்டில் காரம் காய்ச்சிய புதிரை வண்ணார் பெண்ணுக்கு அந்தப் பெயர் ஏன் கிடைக்கவில்லை? இருவருக்கும் நடுவில் நின்றது வேதியியல் அல்ல, சாதி.

மலிவுத் தூள் வந்ததால் நம் வீடுகளில் நாமே துவைத்துக்கொண்டோம். கட்டாய ஊழியம் தளர்ந்தது, அதை வரவேற்கிறேன். ஆனால் ஊழியம் போனபோது சோறும் போனது. மாற்றாக நிலமோ கல்வியோ வந்துவிடவில்லை. பட்டியலில் பெயர் இருந்தும், புதிரை வண்ணார் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கே அலைகிறார்கள். 2009இல் அரசு இவர்களுக்கென நல வாரியம் அமைத்த பிறகும் அந்த அலைச்சல் தீரவில்லை.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வெள்ளாவி வைத்த மூதாட்டி யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கரையில் மண் எடுத்தார், எந்த வீட்டில் சோறு மறுத்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீடு நம் வீடாக இருந்தால் அதையும் எழுதுங்கள். அவர் பேத்திக்குச் சான்றிதழ் இல்லையென்றால், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரோடு நடந்து போங்கள். நாம் பட்ட கடனை அடைக்க அதுதான் முதல் அடி.